பிரபுவை மறுத்த பெண்

(அல்சூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திமிர் பிடித்த ஒரு சீமான். அவனுக்கு அஞ்சாத ஒரு பெண். முதலில் மோதிக்கொள்கிறார்கள், பிறகு மனம் மாறுகிறார்கள், கடைசியில் மாலை மாற்றிக்கொள்கிறார்கள். இந்தக் கதை உங்களில் யாருக்கும் புதிதில்லை. ராணிமுத்துவிலும் மாலைமதியிலும் படித்திருப்பீர்கள். ரமணிசந்திரன் நாவலுக்காக வாடகை நூலகத்தில் பெயர் எழுதி வைத்துக் காத்திருந்த தாய்மார்கள் இந்த அவையிலேயே பலர் இருப்பீர்கள். ஆங்கிலத்தில் இதற்கென்று ‘ரீஜென்சி காதல் கதை’ என்ற தனி வகையே உண்டு. ஜார்ஜெட் ஹேயர் அம்மையார் 1935இல் எழுதிய ‘ரீஜென்சி பக்’ அந்த வகைக்குப் பாதை போட்டது. அதில் நாயகன் ஓர் ஏர்ல் பிரபு, நாயகி துடுக்கான பெண். அதற்குப் பிறகு வந்த நூற்றுக்கணக்கான கதைகளில் பிரபுக்களின் பட்டம் ஏறிக்கொண்டே போனது. இத்தனைக்கும் மூலம் 1813 ஜனவரி 28 அன்று லண்டனில் வெளிவந்த ஒரே நாவல்தான்: ஜேன் ஆஸ்டின் எழுதிய ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’. அதன் நாயகன் டார்சிக்குப் பட்டமே கிடையாது. தாய் வழியில் ஒரு பிரபுவின் பேரன், அவ்வளவுதான். செருக்கு மட்டும் எந்தப் பிரபுவுக்கும் குறைந்ததில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. இந்தக் கதையின் உயிர் காதலில் இல்லை, மறுப்பில் இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் பிரபுவின் குதிரையை எடுத்துக்கொண்டார்கள், மாளிகையை எடுத்துக்கொண்டார்கள், செருக்கையும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் ‘முடியாது’ என்று சொல்ல அன்றைக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதை விட்டுவிட்டார்கள். அந்த விலையைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன். நம் இலக்கியத்தில் இதே மறுப்பு எங்கே இருக்கிறது என்பதையும் காட்ட விரும்புகிறேன்.

முதலில் காலத்தைப் பார்ப்போம். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநலம் குன்றியிருந்தபோது, 1811 பிப்ரவரியிலிருந்து 1820 ஜனவரியில் அவர் இறக்கும் வரை, இளவரசர் அவருக்குப் பதிலாக ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்தார். அந்த ஒன்பது ஆண்டுகளுக்குத்தான் ரீஜென்சி என்று பெயர். அதே காலத்தில்தான் நாம் இப்போது அமர்ந்திருக்கும் அல்சூரின் முகமும் மாறியது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அங்கே தங்கிய கம்பெனிப் படை காய்ச்சலில் வாடியது. நல்ல காற்றும் மேட்டு நிலமும் தேடி, 1809இல் அந்தப் படை அல்சூரை ஒட்டிய வெளிக்கு வந்தது. இன்றும் நம் பாட்டிமார் ‘தண்டு’ என்று சொல்லும் கண்டோன்மென்ட் அப்படித்தான் பிறந்தது. மதராஸ் படையின் பின்னாலேயே தமிழர்கள் வந்தார்கள். சிப்பாய்களும் குதிரைக்காரர்களும் வந்தார்கள். சமையல்காரர்கள், துணி வெளுப்பவர்கள், கொத்தனார்கள், தச்சர்கள், பால் ஊற்றுகிறவர்கள், ஒப்பந்தக்காரர்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். இந்த அவையில் பாதிப் பேருடைய முப்பாட்டன் அந்த வரிசையில் எங்கோ நடந்து வந்தவர்தான். மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு 1834 முதல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு அல்சூர் ஏரிக்கரையில் இன்றும் இருக்கிறது.

தண்டு அமைந்த அதே 1809இல், ஜூலை மாதம், ஜேன் ஆஸ்டின் தன் தாயோடும் அக்காவோடும் சாட்டன் என்ற கிராமத்தில் ஒரு சிறிய வீட்டுக்குக் குடிபோனார். அண்ணன் கொடுத்த வீடு அது. தந்தை 1805இல் இறந்த பிறகு அந்த மூன்று பெண்களும் அண்ணன் தம்பிகள் அனுப்பும் பணத்தைப் பெரிதும் நம்பித்தான் வாழ்ந்தார்கள். அந்த வீட்டில் உட்கார்ந்துதான், இருபது வயதில் எழுதி ஒரு பதிப்பாளர் பார்க்காமலே திருப்பிவிட்ட பழைய கதையை எடுத்துத் திருத்தினார். அதுதான் நான் சொல்லும் நாவல். அதன் உரிமையை 110 பவுனுக்கு விற்றார். அந்த ஆண்டே இரண்டாம் பதிப்பு வந்தது. உரிமையை விற்றுவிட்டதால் அவர் கைக்கு மேற்கொண்டு ஒரு காசும் வரவில்லை. 1817இல், 41 வயதில் இறந்தார். உயிரோடு இருந்தவரை எந்த நூலின் முகப்பிலும் அவர் பெயர் அச்சாகவில்லை.

இந்தக் குடும்பத்துக்கும் தமிழ் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் நாவல் வேறு வெளிச்சத்தில் தெரியும். ஜேன் ஆஸ்டினுக்கு பிலடெல்பியா என்று ஓர் அத்தை. பெற்றோரைச் சின்ன வயதில் இழந்தவர். பதினைந்து வயதில் லண்டனில் பெண்களுக்குத் தொப்பியும் உடை அலங்காரமும் செய்யும் கடையில் தொழில் பழக விட்டார்கள். சீர் செய்து கட்டிக் கொடுக்க ஆளில்லை. 1752 ஜனவரியில் ‘பாம்பே காசில்’ என்ற கப்பலில் ஏறி, ஆகஸ்டில் சென்னைக் கரையில் இறங்கினார். எதற்கு? மாப்பிள்ளை தேடி. இந்தியாவில் வெள்ளைக்காரப் பெண்கள் குறைவு, சம்பாதித்த வெள்ளைக்காரர்கள் அதிகம், சீர் இல்லாமலும் கட்டிக்கொள்வார்கள் என்ற கணக்கு. ஆறே மாதத்தில், 1753 பிப்ரவரியில், கடலூரில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை டைசோ ஹான்காக், செயின்ட் டேவிட் கோட்டையின் அறுவை மருத்துவர்.

பரங்கிப்பேட்டைக்கும் புதுச்சேரிக்கும் நடுவில், கெடிலம் கடலில் கலக்கும் அந்த ஊரில், 22 வயதுப் பெண் ஒருத்தி, சில மாதமே பழகிய ஒருவருக்குக் கழுத்தை நீட்டினாள். அவள் ‘முடியாது’ என்று சொல்லியிருக்க முடியுமா? திரும்பிப் போகக் கப்பல் கூலி யார் கொடுப்பது? திரும்பிப் போனால் எந்த வீடு? மாப்பிள்ளை நல்லவரா கெட்டவரா என்பது என் கேள்வி இல்லை. மறுக்க வழியில்லாத இடத்தில் ஒரு பெண் சொல்லும் ‘சம்மதம்’ எவ்வளவு சம்மதம் என்பதுதான் கேள்வி.

இந்த அத்தை கதை அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். 1792இல், பிலடெல்பியா இறந்த அதே ஆண்டில், பதினாறு வயது ஜேன் ‘கேத்தரின்’ என்ற ஒரு கதையை எழுதத் தொடங்கினார். அதில் அநாதைப் பெண் ஒருத்தியை வங்காளத்துக்கு அனுப்பி, அவள் வயதைப் போல இரண்டு பங்கு வயதுள்ள ஒருவருக்குக் கட்டிவைக்கிறார்கள். ஊர் அதை நல்ல இடம் என்கிறது. அவள் மனம் வாடுகிறது. பதினாறு வயதிலேயே அந்தப் பெண் எழுத்தாளருக்கு எந்த இடத்தில் வலிக்க வேண்டுமோ அங்கே வலித்திருக்கிறது.

அவர் வாழ்விலும் அந்தக் கேள்வி வந்தது. 1802 டிசம்பர் தொடக்கத்தில், தோழியர் வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருந்தபோது, அந்த வீட்டின் வாரிசான ஹாரிஸ் பிக்-விதர் என்ற இளைஞர் அவரிடம் மணம் பேசினார். பெரிய நிலபுலம், பெரிய வீடு. ஜேன் சம்மதித்துவிட்டார். இரவு கழிந்தது. மறுநாள் காலை, முடியாது என்று சொல்லி வண்டி ஏறிவிட்டார். அப்போது அவருக்கு 27 வயது நிறைய இரண்டு வாரமே பாக்கி. அந்தக் கல்யாணம் நடந்திருந்தால் தாய்க்கும் அக்காவுக்கும் ஆயுள் முழுக்கக் கவலை இல்லை. அதை முழுக்கத் தெரிந்துகொண்டேதான் மறுத்தார். இதை நான் மிகுந்த மரியாதையோடு சொல்கிறேன்.

இப்போது நாவலுக்குள் வாருங்கள். பென்னெட் குடும்பத்தில் ஐந்து பெண்கள். அப்பாவுக்கு ஆண்டு வருமானம் 2,000 பவுன். ஆனால் அந்தச் சொத்து ஆண் வாரிசுக்கே போக வேண்டும் என்று கட்டப்பட்டிருக்கிறது. அப்பா கண்ணை மூடினால் வீடும் நிலமும் தூரத்து உறவினரான காலின்ஸ் என்ற பாதிரியாருக்கு. அந்த காலின்ஸ் வந்து இரண்டாவது மகள் எலிசபெத்தைப் பெண் கேட்கிறார். கேட்கும்போதே அவள் சொத்துக் கணக்கையும் சொல்லிக்காட்டுகிறார்: தாய் காலத்துக்குப் பிறகு அவள் பங்குக்கு வரப்போவது 1,000 பவுன், நான்கு சத வட்டி. அதாவது ஆண்டுக்கு 40 பவுன். அவள் மறுக்கிறாள். அவர் நம்ப மறுக்கிறார். பெண்கள் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், அது நாகரிகம் என்று அவரே அவளுக்கு விளக்குகிறார். இன்றைக்கும் நம் திரைப்பட நாயகர்கள் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்!

எலிசபெத் மறுத்த மூன்றாம் நாள், அவள் உயிர்த்தோழி சார்லட் லூகாஸ் அதே காலின்ஸை ஏற்றுக்கொள்கிறாள். வயது 27. அழகு இல்லை, பணம் இல்லை. தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன் என்கிறாள். எலிசபெத் அதிர்ந்துபோகிறாள். நாவலாசிரியர் சார்லட்டைப் பழிக்கவில்லை. பழிக்க அவருக்கு மனம் வராது. சார்லட் எடுத்த முடிவும் கடலூரில் பிலடெல்பியா அத்தை எடுத்த முடிவும் ஒன்றுதான்.

அதன் பிறகு வருகிறான் டார்சி. ஆண்டுக்கு 10,000 பவுன் வருமானம். எலிசபெத்துக்கு என்றோ வரப்போகும் 40 பவுனைப் போல 250 மடங்கு. முதல் நடன விழாவிலேயே அவள் காதில் விழும்படி, இவளோடு ஆடும் அளவுக்கு இவள் அழகில்லை என்று சொன்னவன். 61 அத்தியாயங்களில் 34ஆவது அத்தியாயத்தில் அவள் தனியாக இருக்கும்போது அறைக்குள் வருகிறான். உட்காருகிறான், எழுந்திருக்கிறான், அறையில் அங்கும் இங்கும் நடக்கிறான், பேசாமல் நிற்கிறான். திடீரென்று தன் காதலைச் சொல்கிறான். சொல்லிவிட்டு அதோடு நிற்கவில்லை. உன் குடும்பம் எங்கள் தகுதிக்குக் கீழே, உன் உறவினர்களை நினைத்தாலே கூசுகிறது, எவ்வளவோ போராடியும் என் மனத்தை அடக்க முடியவில்லை என்று அடுக்குகிறான். அந்தப் பேச்சில் காதலைவிடத் தாழ்வு பற்றிய பேச்சே அதிகம். அவள் சரி என்றுதான் சொல்வாள் என்பதில் அவனுக்குத் துளியும் ஐயமில்லை. அந்த உறுதி அவன் முகத்தில் தெரிகிறது, அவள் அதைப் பார்க்கிறாள்.

அவள் மறுக்கிறாள். அக்காவின் காதலைப் பிரித்தது நீங்கள் என்கிறாள், விக்கம் என்ற இளைஞரைக் கெடுத்தது நீங்கள் என்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் இன்னும் பண்போடு கேட்டிருந்தாலும் என் பதில் இதுதான், பண்பில்லாமல் கேட்டதால் மறுக்கும் வருத்தம் எனக்கு மிச்சம் என்கிறாள். அவன் முகம் வெளுக்கிறது. ஆண்டுக்கு 10,000 பவுனை, ஒரு மாளிகையை, தாயும் நான்கு சகோதரிகளும் தெருவுக்கு வராமல் இருப்பதற்கான உறுதியை, அவள் சில நிமிடத்தில் வேண்டாம் என்று தள்ளிவிடுகிறாள். அவன் போன பிறகு அரைமணி நேரம் அழுகிறாள். துணிச்சல்காரி அழமாட்டாள் என்று பின்னால் வந்த கதைகள் நினைத்துக்கொண்டன. அழுகிறாள், ஏனென்றால் என்ன செய்தோம் என்று அவளுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் நற்றிணையின் 45ஆம் பாட்டை உங்களுக்கு நினைவூட்ட வேண்டும். பாடியவர் பெயர் கிடைக்காத பாட்டு. நெய்தல் திணை. குறையிரந்து நிற்கும் தலைவனைத் தோழி விலக்கி நிறுத்தும் சேட்படைத் துறை. இவள் கடலோரச் சிற்றூரில் மீன் பிடித்து வாழும் பரதவர் மகள் என்கிறாள் தோழி. நீயோ கொடி பறக்கும் கடைவீதி உள்ள பழைய நகரத்தில், விரைந்தோடும் தேர்களை உடைய செல்வனின் செல்ல மகன். சுறாவை அறுத்துக் காயப்போட்டுப் பறவை ஓட்டிக்கொண்டிருக்கும் எங்களுக்கு உன் அழகும் நலமும் என்னத்துக்கு? எங்கள் மேல் புலால் நாறும், எட்டி நில். கடல் தரும் விளைச்சலில் நடக்கும் எங்கள் சின்ன நல்ல வாழ்க்கை உன் வாழ்க்கைக்கு ஈடாகாது. அதற்கப்புறம் அந்தக் கடைசி அடி: எங்களவரிலும் உன்னைப்போன்ற சிறந்தவர்கள் உண்டு.

கடைசி அடி வரும் வரை தோழி தன்னைத் தாழ்த்திக்கொண்டே போவதாகத் தோன்றும். கேட்டுக்கொண்டிருக்கும் சீமான் மகனும் அப்படித்தான் நினைத்திருப்பான். அந்த அடியில் அவள் நிமிர்கிறாள். நாவலின் பிற்பகுதியில், டார்சியின் தாயுடன் பிறந்த லேடி கேத்தரின் வண்டி கட்டிக்கொண்டு வந்து மிரட்டும்போது எலிசபெத் சொல்வதும் இதே பொருள்தான்: அவர் நல்ல குடிப்பிறந்தவர், நானும் நல்ல குடிப்பிறந்தவர் மகள், இதில் ஏற்றத்தாழ்வு எங்கே வந்தது? அந்தக் கடற்கரைத் தோழியும் ஹார்ட்ஃபோர்ட்ஷயரின் எலிசபெத்தும் ஒருவரை ஒருவர் அறியமாட்டார்கள். செருக்குள்ள செல்வனின் முன் நின்று பேசும் முறை ஒன்றாகவே இருக்கிறது.

ஒரு வேறுபாடு உண்டு, அதை நான் முக்கியமாக நினைக்கிறேன். நம் அகப்பாடலில் தலைவிக்காகத் தோழி மறுக்கிறாள். சேட்படுத்துவது அவள் வேலை. தலைவி பேசாமல் இருக்கலாம், உள்ளுக்குள் ஏங்கலாம். எலிசபெத்துக்கு அப்படிப்பட்ட தோழி இல்லை. அவளுக்கு வாய்த்த ஒரே தோழி சார்லட். அவளோ கிடைத்ததைப் பிடித்துக்கொள் என்பவள். அதனால் தலைவியின் மனமும் தோழியின் வாயும் இரண்டும் எலிசபெத் ஒருத்திக்கே வேண்டியிருக்கின்றன. அவளுடைய பேச்சுத் திறத்தை வெறும் துடுக்கு என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. காக்க ஆளில்லாதவள் தன் வாயால் தன்னைக் காத்துக்கொள்கிறாள்.

ஆணின் பக்கத்திலும் நம் மரபு ஆழமாகப் போயிருக்கிறது. மடலேறுதல் என்பது என்ன? பனை மடலால் செய்த குதிரையில் ஏறி, எருக்கம்பூ சூடி, ஊர் நடுவே நாணத்தை விட்டு நிற்பது. பெருமையுள்ள ஆண்மகன் காதலுக்காகத் தன் பெருமையை ஊர் பார்க்க உடைத்துக்கொள்கிறான். திருக்குறளின் காமத்துப்பாலில் இதற்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. அதே காமத்துப்பாலின் கடைசி மூன்று அதிகாரங்களும் ஊடலைப் பற்றியவை. 1330 குறளையும் வள்ளுவர் ஊடல் தரும் இன்பத்தில் கொண்டுபோய் முடிக்கிறார். அங்கே தோற்றவரே வென்றவர் என்பது அவர் கணக்கு. 1991இல் இங்கே வந்து, 18 ஆண்டு மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டு இந்த ஏரிக்கரையில் சிலையாக நிற்கும் அந்த வள்ளுவருக்கு டார்சியின் தோல்வி நன்றாகவே புரிந்திருக்கும்.

ஆனால் டார்சி மடலேறவில்லை. அவன் செய்தது வேறு. மறுத்த மறுநாள் காலை ஒரு நீண்ட கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். மறுபடி கேட்கவில்லை, கெஞ்சவில்லை. குற்றச்சாட்டுகளுக்கு மட்டும் பதில். ஓர் அத்தியாயம் முழுக்க அந்தக் கடிதம், அடுத்த அத்தியாயம் முழுக்க அவள் அதைப் படிப்பது. நடந்துகொண்டே படிக்கிறாள், மடித்து வைக்கிறாள், அரை நிமிடம் கழித்து மறுபடி பிரிக்கிறாள். விக்கம் பற்றித் தான் நம்பியது தவறு என்று தெரிகிறது. காதல் கதையில் ஒரு பெண் தனியாக நின்று வரி வரியாக ஒரு சாட்சியத்தை எடைபோடுவதை இவ்வளவு நிதானமாக வேறு யார் எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

சில மாதம் கழித்து, தன் மாமா கார்டினரோடும் அத்தையோடும் ஊர் சுற்றிப் பார்க்கப் போனவள், எதிர்பாராமல் டார்சியின் மாளிகையான பெம்பர்லியில் அவனையே சந்திக்கிறாள். கார்டினர் ஒரு வியாபாரி. லண்டனில் தன் கிடங்குக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவர். டார்சி அன்று எந்த உறவினர்களைச் சொல்லிக் கூசினானோ அவர்களில் ஒருவர். அவரை அறிமுகப்படுத்தும்போது டார்சியின் முகம் போகும் போக்கை எலிசபெத் ஓரக்கண்ணால் பார்க்கிறாள். ஓடிவிடுவான் என்று நினைக்கிறாள். அவனோ அவரோடு நின்று பேசுகிறான். என் ஆற்றில் மீன் பிடியுங்கள், எத்தனை முறை வேண்டுமானாலும் வாருங்கள், தூண்டில் நான் தருகிறேன், எந்த இடத்தில் மீன் அதிகம் என்று காட்டுகிறேன் என்கிறான். தூண்டில் ஒரு சின்னப் பொருள். ஆனால் அக்காலத்து ஆங்கில நிலக்கிழாரின் ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமை அவருடைய சொத்து, அவருடைய தகுதிக்கு அடையாளம். அதை ஒரு கிடங்குக்காரருக்குத் திறந்து விடுகிறான். காதல் வசனம் ஒன்றும் இல்லாமல் அந்த மனிதன் மாறிவிட்டான் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

அல்சூரில் இதைச் சொல்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. இந்த ஊரைக் கட்டியவர்கள் கார்டினர்கள்தான். ஒப்பந்த வேலையில் பொருள் ஈட்டி அதைப் பள்ளிகளாக மாற்றிய ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் போன்றவர்கள். அவர்கள் காலத்துத் தண்டில் எந்த வெள்ளைக்காரச் சீமான் வீட்டு முன்வாசல் அவர்களுக்குத் திறந்தது என்று நினைத்துப் பாருங்கள், அந்தத் தூண்டிலின் எடை தெரியும்.

நம் திரையுலகம் இந்தக் கதையை என்ன செய்தது? தலைகீழாக்கியது. செருக்கு பெண்ணுடையது, அதை அடக்கும் வேலை ஆணுடையது. 1972இல் ‘பட்டிக்காடா பட்டணமா’. 1992இல் ‘மன்னன்’, அதற்கு மூலம் 1986இல் டாக்டர் ராஜ்குமார் நடித்து இந்த ஊரே கொண்டாடிய ‘அனுராக அரளிது’. 1999இல் ‘படையப்பா’வின் நீலாம்பரி. பணக்காரப் பெண் தலைநிமிர்ந்து பேசுகிறாள். படம் முடியும்போது அடங்கியிருக்கிறாள் அல்லது அழிந்திருக்கிறாள். இவற்றில் நடித்தவர்களின் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஆணின் செருக்கைப் பெண் ஒருத்தி எதிர்த்து நின்று, அவன் வெட்கப்பட்டு, தன்னைத் திருத்திக்கொள்ளும் கதை நம் திரையில் மிக அரிது. ராஜீவ் மேனன் 2000இல் எடுத்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ ஆஸ்டினின் இன்னொரு நாவலைத் தழுவியது. அதில் வீடு கைவிட்டுப் போகிறது, பெண்கள் சென்னைக்கு வந்து வேலை தேடுகிறார்கள், சம்பாதிக்கிறார்கள், அதன் பிறகே காதல் கைகூடுகிறது. ஆஸ்டினின் கணக்குப் புத்தகத்தைப் புரிந்துகொண்ட படம் என்று அதைச் சொல்வேன்.

கணக்குப் புத்தகம் என்றதும் சட்டத்தைத் தொடாமல் இருக்க முடியாது. எலிசபெத்தின் கையில் இருந்தது ஆண்டுக்கு 40 பவுன் பற்றிய ஒரு நம்பிக்கை மட்டுமே. கல்யாணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள இங்கிலாந்தில் முழுமையான சட்டம் 1882இல்தான் வந்தது. நம் பக்கத்தில் 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அது சட்டமாக 60 ஆண்டு ஆனது, 1989. கர்நாடகத்தில் 1994. நாடு முழுமைக்கும் 2005. இந்த ஆண்டுகளை நான் அடுக்குவதற்குக் காரணம் உண்டு. சொத்தில் பங்கும் கையில் ஒரு தொழிலும் உள்ள பெண்ணுக்கு, பிடிக்காத வரனை மறுப்பது ஒரு சங்கடம். அது இல்லாதவளுக்கு அது ஒரு சாகசம். இன்றும் நம் தெருக்களில் ‘நல்ல இடம், விட்டுடாதே’ என்று சொல்லும்போது நாம் சார்லட் லூகாஸின் வாயால் பேசுகிறோம். அப்படிப் பேசும் பெரியவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் கூரையைப் பார்க்கிறார்கள். ஆனால் அந்தப் பெண்ணின் பெயரில் ஒரு கூரை இருந்தால் அந்தப் பேச்சே எழாது. பங்கை எழுதி வாங்கிக்கொண்டு ‘அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள், தங்கமான பெண்’ என்று பாராட்டும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. அது போக வேண்டும் என்று இந்த மேடையில் நான் அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொரு மறுப்பையும் சொல்லிவிடுகிறேன். இளவரசர் ஆஸ்டினின் நாவல்களை விரும்பிப் படித்தவர். 1815இல் வெளியான ‘எம்மா’வைத் தனக்குக் காணிக்கையாக்கலாம் என்று தன் நூலகர் மூலம் சொல்லியனுப்பினார், ஆஸ்டின் அவ்வாறே செய்தார். அடுத்த ஆண்டு அந்த நூலகர் இன்னும் ஒரு படி மேலே போய், ஓர் அரச குடும்பத்தின் வரலாற்றைக் காதல் காவியமாக எழுதுங்களேன் என்றார். தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அன்றி வேறு எதற்காகவும் அப்படி ஒன்றை எழுத உட்கார முடியாது என்று பதில் எழுதினார் ஆஸ்டின். அந்த இளவரசரின் ஆட்சிப் பெயரைத்தான் இன்று ஒரு கதை வகைக்கே சூட்டியிருக்கிறோம். அரண்மனைக் காதல் கதை எழுதமாட்டேன் என்று சொன்னவரைத்தான் அரண்மனைக் காதல் கதைகளின் தாய் என்கிறோம்.

முடிவுக்கு வருகிறேன். லேடி கேத்தரின் வந்து மிரட்டியபோது, டார்சியை மணக்கமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடு என்று கேட்டாள். எலிசபெத் கொடுக்கவில்லை. அது அவளுடைய மூன்றாவது மறுப்பு. அந்தச் செய்தி டார்சியின் காதுக்குப் போகிறது. என்னை முற்றாக வெறுத்திருந்தால் இவள் அதை நேரடியாகவே சொல்லியிருப்பாள் என்று அவன் கணிக்கிறான். மறுப்பு என்றால் அவள் மனமறிந்து சொல்லும் மறுப்பு என்று கற்றுக்கொண்டவன் அல்லவா? அதனால்தான் அவனுக்கு நம்பிக்கை பிறக்கிறது.

ஒரு நடைபாதையில் இரண்டாம் முறை கேட்கிறான். இந்த முறை தகுதி பற்றிய பேச்சே இல்லை. என் மனம் மாறவில்லை, உன் மனம் அன்றுபோலவே இருந்தால் ஒரு சொல் சொல், இனி எப்போதும் வாய் திறக்கமாட்டேன் என்கிறான். அவள் மறுப்பதற்கு முழு இடம் விட்டுக் கேட்கிறான். மாணவ மாணவியரே, வீட்டுக்குப் போய் 34ஆவது அத்தியாயத்தையும் 58ஆவது அத்தியாயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அவள் மறுத்தபோது ஒவ்வொரு சொல்லையும் அவள் வாயாலேயே பேசவைத்த ஜேன் ஆஸ்டின், அவள் சம்மதித்தபோது என்ன சொன்னாள் என்பதை நமக்குக் கேட்கவிடவில்லை. தடுமாறியபடி, தன் மனம் மாறிவிட்டதை அவனுக்குப் புரியவைத்தாள் என்று தன் வாக்கியத்திலேயே சொல்லிக் கடந்துவிடுகிறார்.